எலுமிச்சையின் தாகம்: காலை ஆறு மணி இலையும் ஒரு பிடி மண்ணும்

சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி. தோட்டத்தில் ஒரு இலைகூட விரிந்திருக்கவில்லை. எல்லாம் நடுநரம்போடு மடங்கி, சின்னச் சின்னத் தோணிகள் மாதிரி நின்றன. எனக்குப் பதறிவிட்டது. ஓடிப்போய் மோட்டாரைப் போட்டேன். மறுநாளும் மடங்கியது, மறுநாளும் போட்டேன். தினம் ஐந்து மணி நேரம், இருபது நாள். வைகாசி பாதியில் ஓடைப் பக்கத்து மரங்களில் இலை மஞ்சளடித்து, அடிமரத்தில் பிசின் வடிய ஆரம்பித்தது. தண்ணீர் இன்னும் பத்தவில்லையோ என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, என் மாமனார் ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியால் ஒரு முழ ஆழம் வெட்டினார். ஒரு கை மண்ணை அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினார். சாக்கடை வாடை அடித்தது. "தாகத்துல சாகலம்மா, மூழ்கிச் சாகுது" என்றார்.

ஒன்பது மரம் போயிற்று. எல்லாம் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த மரங்கள். அதற்குப் பிறகுதான் மரத்துக்குத் தாகம் எடுத்திருக்கிறதா இல்லையா என்பதை ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர். நானூறு மரத்துக்குக் கொஞ்சம் கூட. மேற்குப் பாதி சரள் கலந்த செம்மண்; ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே இறங்கிவிடும். கிழக்குப் பாதி ஓடையை ஒட்டியது, களி கலந்த மண். வாங்கிய தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சொட்டுநீர் போட வந்தவர்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வால்வு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நானும் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. மரத்துக்கு மரம் நான்கு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். த்ரீபேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது பாசனம். எங்கள் பக்கம் பல தோட்டங்களில் இன்றைக்கும் கரண்ட் நேரம்தான் பாசன அட்டவணை. மரத்தை யாரும் கேட்பதில்லை.

மத்தியான இலை பொய் சொல்லும்

எலுமிச்சை இலை வெயிலில் மடங்குவது அது பிடித்துக்கொள்ளும் குடை. உச்சி வெயிலில் இலை வெளியே விடும் தண்ணீர் அளவுக்கு வேரால் வேகமாக ஏற்றிக் கொடுக்க முடியாது. இலையின் அடியில் இருக்கும் நுண்துளைகள் பாதி மூடிக்கொள்கின்றன, இலையும் மடங்கி வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. காலடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் மரம்கூட இதைச் செய்யும். ஆகவே இரண்டு மணிக்கு மடங்கியதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யக் கூடாது. நான் செய்தது அந்தத் தப்புதான்.

ராத்திரி வெயில் இல்லை, இலை தண்ணீர் விடுவதில்லை. வேர் மட்டும் மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. விடிவதற்குள் இலையில் இருக்கும் ஈரமும் வேரைச் சுற்றியிருக்கும் மண்ணின் ஈரமும் கிட்டத்தட்ட ஒரு சமநிலைக்கு வந்துவிடும். அதனால் மரம் உண்மை பேசுகிற நேரம் சூரியன் கிளம்புவதற்கு முன்னால், ஆறு மணிக்கு.

நான் பார்க்கும் முறை இப்படி. காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்குள் ஒரு நடை. இலை தட்டையாக, பளபளப்பாக இருந்தால் கவலை இல்லை. மத்தியானம் அது எப்படி மடங்கினாலும் சரி. பத்து மணிக்கே மடங்க ஆரம்பித்து, சாயங்காலம் ஐந்து மணி ஆகியும் விரியவில்லை என்றால் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டிய நாள் வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கே மடங்கி, பச்சையில் ஒரு சாம்பல் பூத்த மாதிரி மங்கித் தெரிந்தால், நீங்கள் ஏற்கெனவே தாமதம். பட்டாணி அளவுப் பிஞ்சு இருக்கும் சமயத்தில் அந்த நிலைக்கு விட்டால் மறு வாரம் மரத்தடியில் பிஞ்சைப் பொறுக்கலாம்.

இளந்தளிர்தான் முதலில் தொங்கும். ஆனால் தளிரில் ஒரு குழப்பம் இருக்கிறது. இலைத்துளைப்பான் புழு விழுந்த தளிரும் சுருளும், முதல் பார்வைக்கு வாட்டம் மாதிரியே தெரியும். இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளிக் கம்பி இழுத்த மாதிரி வளைந்து வளைந்து கோடு ஓடினால் அது புழு. தண்ணீர் விட்டால் சரியாகாது. வாட்டத்தைப் பார்க்க முற்றிய இலையைத்தான் எடுக்க வேண்டும், நுனியிலிருந்து நாலைந்து இலை உள்ளே தள்ளி.

அப்புறம், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மரம் வேண்டும். எங்கள் தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், கேட் வால்வு எப்போதும் லேசாகக் கசியும் இடத்தில், சரள் மண்ணில் ஒரு மரம் நிற்கிறது. தண்ணீர் தேங்காது, குறையவும் குறையாது. அதற்கு வீட்டில் மாப்பிள்ளை மரம் என்று பெயர், எந்நேரமும் விருந்து சாப்பிடுகிறதாம். கசிவை அடைக்க வந்த பிளம்பரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மத்தியானம் மாப்பிள்ளை மரமும் மடங்கி, மற்ற மரங்களும் மடங்கியிருந்தால் அது வெயிலின் வேலை. மாப்பிள்ளை விரிந்திருக்க மற்றவை மடங்கினால் அதுதான் தாகம். உங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு மரம் தானாக அமையவில்லை என்றால் நல்ல வடிகால் உள்ள இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு டிரிப்பர் கூடப் போட்டுவிடுங்கள்.

மண்ணைக் கையில் எடுப்பது

இலை சொல்வதை மண்ணிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஏனென்றால் தண்ணீர் அதிகமாகி வேர் மூச்சுத் திணறினாலும் இலை வாடத்தான் செய்யும். இரண்டையும் இலையை வைத்துப் பிரிக்க முடியாது, மண்ணை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

ஒரு அங்குல இரும்புக் குழாய் இரண்டரை அடி நீளத்துக்கு வாங்கி, வெல்டிங் பட்டறையில் ஒரு முனையைக் கூர்மையாகச் சீவி, பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டித் தரச் சொன்னேன். சுத்தியலால் அடித்து இறக்கி, ஒரு திருகு திருகி உருவினால் பிளவு வழியாக மண் வரிசையாகத் தெரியும். மேல் மண் மேலே, அடி மண் அடியில். சரள் அதிகமான இடத்தில் இது இறங்காது, அங்கே கடப்பாரைதான்.

எடுக்கும் இடம் முக்கியம். டிரிப்பருக்கு நேர் கீழே எடுத்தால் எப்போதும் சகதிதான் வரும். இரண்டு டிரிப்பருக்கு நட்டநடுவே எடுத்தால் எப்போதும் வறட்சிதான் தெரியும். நான் டிரிப்பரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மரக்குடையின் விளிம்புக்குச் சற்று உள்ளே எடுக்கிறேன். எலுமிச்சையின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பங்கு மேல் இரண்டு அடிக்குள்தான், அதிலும் முதல் அடியில்தான் நெருக்கமாக இருக்கும். ஆகவே ஒரு அடியில் ஒரு பிடி, இரண்டு அடியில் ஒரு பிடி.

பிடியை உள்ளங்கையில் வைத்து இறுக்க வேண்டும், கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி. விரல் இடுக்கில் தண்ணீர் பளபளத்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. உருண்டையாக நின்று, கையில் ஈரத் தடம் மட்டும் விட்டால் அதுதான் நல்ல ஈரம். உருண்டை பிடிக்கிறது, ஆனால் லேசாக மேலே போட்டுப் பிடித்தால் உதிர்கிறது என்றால் செம்மண்ணில் பாதி ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். மறுநாள் தண்ணீர் விட வேண்டும். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் சொல்ல ஒன்றுமில்லை. களிமண்ணுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அது காய்ந்த பிறகும் உருண்டையாக நிற்கும். அங்கே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கி நாடா மாதிரி நீட்டிப் பாருங்கள். நீளாமல் உடனே ஒடிந்தால் ஈரம் குறைந்துவிட்டது.

ஒரு பருவம் முழுக்க இதைச் செய்த பிறகு கை தானாகச் சொல்லும். என் மாமனாருக்கு உருண்டையெல்லாம் தேவையில்லை, கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு போதும்.

டென்சியோமீட்டர்: நான் செய்த தவறுகளோடு

கையை நம்பாதவர்களுக்கும், ஆளை வைத்துத் தோட்டம் பார்ப்பவர்களுக்கும் டென்சியோமீட்டர் நல்லது. கீழே நுண்துளைகள் உள்ள ஒரு சுட்ட களிமண் கிண்ணம், நடுவில் தண்ணீர் நிரப்பிய குழாய், மேலே ஒரு டயல். மண் காயக் காய அந்தக் கிண்ணத்தின் வழியாகக் குழாய்த் தண்ணீரை இழுக்கும். எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை டயல் சென்டிபார் என்ற அழுத்த அலகில் காட்டும். வேர் எவ்வளவு கஷ்டப்பட்டு உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண். இதற்கு மின்சாரமும் வேண்டாம், போனும் வேண்டாம்.

வாங்கியவுடன் மண்ணில் குத்தாதீர்கள். நான் குத்தினேன், ஒரு வாரம் முள் அசையவே இல்லை. முதலில் கிண்ணத்தை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். குழாயில் நிரப்பும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்து ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று பின்னால் குமிழியாகக் கிளம்பும். குழாயின் பருமனுக்கே துளை போட்டு, அந்த மண்ணையே தண்ணீரில் கரைத்துக் கூழாக்கித் துளைக்குள் ஊற்றி, அதற்குள் கிண்ணத்தை இறக்குங்கள். கிண்ணத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் காட்டும் எண் எல்லாம் கற்பனை. கடைசியில் குழாயைச் சுற்றி மண்ணைச் சற்று மேடாக அணையுங்கள், இல்லையென்றால் மழைத் தண்ணீர் குழாயோரமாகவே வழிந்து நேராகக் கிண்ணத்துக்குப் போய்விடும். முதல் இரண்டு மூன்று நாள் எண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இரண்டு ஆழத்தில் வைக்க வேண்டும், 30 சென்டிமீட்டரில் ஒன்று, 60 சென்டிமீட்டரில் ஒன்று. ஒன்று மட்டும் வாங்கிப் பயனில்லை என்றே சொல்வேன். மேல் கருவி எப்போது விட வேண்டும் என்று சொல்லும். அடிக் கருவி எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும். தினமும் காலை ஏழு மணிக்குள் ஒரே நேரத்தில் பாருங்கள். தண்ணீர் விட்ட மறுநாள் முள் 10க்குப் பக்கத்தில் இருக்கும். என் சரள் மண்ணில் மேல் கருவி 25ஐத் தொட்டால் விடுகிறேன். கிழக்கே 45 வரை பொறுக்கிறேன். மணல் சாய்ந்த மண்ணுக்குக் கீழெல்லை, களி சாய்ந்த மண்ணுக்கு மேலெல்லை என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

அடிக் கருவியில்தான் எனக்குக் கண் திறந்தது. ஓடைப் பக்கத்தில் அதை வைத்தபோது முள் ஐந்திலேயே படுத்துக் கிடந்தது, நாள் கணக்காக. மேல் மண் காய்ந்து தெரிந்தாலும் இரண்டு அடியில் எப்போதும் சேறு. இப்படி முள் அசையாமல் கிடந்தால் பாசன நேரத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு நேர்மாறாக, மேல் முள் இறங்குகிறது, அடி முள் மட்டும் வாரா வாரம் ஏறிக்கொண்டே போகிறது என்றால், நீங்கள் விடும் தண்ணீர் மேலோடு நின்றுவிடுகிறது. அப்போது நாள் இடைவெளி விட்டு, நேரத்தைக் கூட்டி விட வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. மண் மிகவும் காய்ந்து முள் 80ஐத் தாண்டினால் கிண்ணத்தின் வழியாகக் காற்று புகுந்துவிடும். இழுவை அறுந்து முள் சரசரவென்று பூஜ்யத்துக்கு வந்துவிடும். பூஜ்யம் என்றால் மண்ணில் தண்ணீர் ததும்புகிறது என்றுதானே அர்த்தம்? ஒரு தடவை நானும் அப்படியே நம்பி, இன்னும் மூன்று நாள் மோட்டார் போடாமல் இருந்தேன். குழாயை எட்டிப் பார்த்தால் தண்ணீர் பாதிதான் இருந்தது. எண்ணைப் பார்ப்பதற்கு முன் குழாயில் தண்ணீர் மட்டம் பாருங்கள்.

இன்னொன்றும் இந்தக் கருவிக்குத் தெரியாது, அது உப்பு. கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் மண் ஈரமாக இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. டயல் 10 காட்டும், மரம் வாடும். எலுமிச்சை உப்பைத் தாங்காத மரம். முற்றிய இலையின் நுனியும் ஓரமும் கருகினால் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், மோட்டார் நேரத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

டென்சியோமீட்டரின் பராமரிப்பு ஒத்துவராது என்பவர்களுக்கு, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி இருக்கிறது. இரண்டு கம்பியை மண்ணில் குத்திப் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் ஏராளம், பச்சை போதும், ஆரஞ்சு குறைவு, சிவப்பு உடனே விடு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். நுணுக்கம் குறைவுதான், ஆனால் கரண்ட் நேரத்தைப் பார்த்து மோட்டார் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

காயை அளப்பது

எனக்குப் பிடித்த முறை இதுதான், ஏனோ யாரும் செய்வதில்லை. ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர் போதும். மேற்கே ஐந்து மரம், கிழக்கே ஐந்து மரம். மரத்துக்கு இரண்டு காய், கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதானதும், காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுகிறேன். மூன்று நாளைக்கு ஒருமுறை காலை ஆறரை மணிக்கு அதே காயின் அதே நடுவட்டத்தை அளந்து நோட்டில் எழுதுகிறேன்.

காலையில் அளப்பதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் வெயில் ஏறியதும் இலை, காயிலிருந்தும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மத்தியானம் அளந்தால் காலையில் இருந்ததைவிடக் காய் சற்றுச் சிறுத்திருக்கும். நம்பாவிட்டால் ஒரே காயை ஆறரைக்கும் இரண்டுக்கும் அளந்து பாருங்கள். என் மகள் லீவில் வந்தபோது பந்தயம் கட்டித் தோற்றாள். ராத்திரி மரம் தண்ணீர் ஏற்றிக்கொண்டதும் காய் பழைய அளவுக்குத் திரும்பி, அதற்கு மேலும் கொஞ்சம் வளர வேண்டும். வளர்ந்ததா என்பதுதான் கேள்வி.

போன பங்குனியில் மேற்கே ஒரு காயின் எண்கள் மில்லிமீட்டரில் இப்படி ஓடின: 30.8, 31.5, 32.1, 32.2, 32.1. நான்காவது எண்ணிலேயே விழித்திருக்க வேண்டும். இலை அப்போது காலையில் நன்றாகத்தான் இருந்தது, மடங்கவே இல்லை. போய்ப் பார்த்தால் அந்த வரிசையின் கடைசி ஐந்து மரங்களுக்கு டிரிப்பர் பாதி அடைத்திருந்தது. இலை காட்டுவதற்கு முன்னாலேயே காய் காட்டிவிட்டது. மாப்பிள்ளை மரத்துக் காய் வளர்ந்துகொண்டிருக்க, மற்றது நின்றால் அது தண்ணீர்ப் பிரச்சினை. இரண்டும் சேர்ந்து நின்றால் காய் முற்றிவிட்டதா என்று பாருங்கள்.

கருவிகள் இன்னும் இருக்கின்றன. தாகமுள்ள மரத்தின் இலை சூடாக இருக்கும். நுண்துளை மூடிக்கொண்டால் தண்ணீர் ஆவியாகாது, இலை குளிராது. பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியால் காற்றில்லாத மத்தியானத்தில், வெயில் படும் பக்கத்து இலைகளை மாப்பிள்ளை மரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி இதற்குச் சரிவராது. ஆராய்ச்சிக்காரர்கள் நம்புவது அழுத்தக் கலனை. அமெரிக்காவில் ஷோலாண்டர் குழுவினர் 1965இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய முறை அது. இலையை ஒரு மணி நேரம் வெள்ளித்தாள் உறையால் மூடி வைத்து, பிறகு கிள்ளி, காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கலனில் அடைத்து, வாயு அழுத்தம் ஏற்றினால், எந்த அழுத்தத்தில் காம்பின் வெட்டு முகத்தில் சாறு எட்டிப் பார்க்கிறதோ அதுதான் மரத்தின் தாகத்தின் அளவு. கலிபோர்னியாவில் வாதுமைத் தோட்டங்களில் அதை வைத்தே பாசனம் செய்கிறார்கள். மூன்று ஏக்கருக்கு அது கட்டுப்படியாகாது.

எவ்வளவு விட வேண்டும்

இதுவரை சொன்னது எப்போது விட வேண்டும் என்பதற்கு. எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அஞ்ச வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர்.

திறந்த தொட்டியில் ஒரு நாளில் 7 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம், அது நல்ல கோடை நாள். தொட்டியில் ஆவியாவது எப்போதும் அதிகமாக இருக்கும் என்பதால் 0.7ஆல் பெருக்க வேண்டும்: 4.9. களை இல்லாமல், எழுபது சதவீத நிலத்தை மரக்குடை மூடிய எலுமிச்சை வகைத் தோட்டத்துக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 1998ஆம் ஆண்டுக் கையேடு தரும் பயிர் எண், அதாவது அந்த அளவில் மரம் செலவழிக்கும் பங்கு, 0.65 முதல் 0.7 வரை. 0.65 என்று எடுத்தால் 3.2 மில்லிமீட்டர். மரக்குடையின் விட்டம் 4 மீட்டர் என்றால் பரப்பு 12.56 சதுர மீட்டர். பெருக்கினால் மரத்துக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர். என் நான்கு டிரிப்பரும் சேர்ந்து மணிக்கு 16 லிட்டர், ஆக இரண்டரை மணி நேரம். அந்தச் சித்திரையில் நான் விட்டது ஐந்து மணி நேரம். கணக்காக இரண்டு மடங்கு.

இந்த 40ஐ வேதவாக்காக எடுக்க வேண்டாம். இது ஆரம்பப் புள்ளி. அடிக் கருவி ஐந்திலேயே படுத்தால் குறையுங்கள், ஏறிக்கொண்டே போனால் கூட்டுங்கள்.

மண் மாறினாலும் மரத்துக்கு வேண்டிய தண்ணீர் மாறாது, பிரித்துக் கொடுப்பதுதான் மாறும். இப்போது இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வால்வு. கோடையில் மேற்கே தினமும் காலையில் ஒன்றேகால் மணி நேரம், சாயங்காலம் ஒன்றேகால் மணி நேரம். சரளில் ஒரேயடியாக ஊற்றினால் தண்ணீரும் அதோடு போட்ட உரமும் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். கிழக்கே இரண்டு நாளைக்கு ஒருமுறை ஐந்து மணி நேரம். இடையில் ஒரு நாள் மண்ணுக்குள் காற்று இறங்கட்டும்.

டிரிப்பர் உண்மையிலேயே 4 லிட்டர் தருகிறதா என்று பார்க்காமல் இந்தக் கணக்கெல்லாம் வீண். ஒரு டம்ளரையும் கைபேசிக் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு நிமிடத்தில் 67 மில்லி விழ வேண்டும். வரிசையின் முதல் மரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. சிவப்பு நூல் கட்டிய அந்த மரத்தில் 35 மில்லிதான் விழுந்தது. டிரிப்பர்கள் செருகியிருக்கும் லேட்டரல் குழாயின் கடைசி மூடியைக் கழற்றிவிட்டதும் டீ நிறத்தில் பாசி வந்தது. மாதம் ஒருமுறை கழற்றிவிட்டிருந்தால் இந்த வேலையே இல்லை.

காயப் போடும்போது

எலுமிச்சையில் தாகத்தை நாமே வேண்டுமென்று வரவழைக்கும் காலமும் உண்டு. கோடையில்தான் விலை. பங்குனி, சித்திரையில் காய் வேண்டுமென்றால் ஐப்பசி வாக்கில் பூக்க வேண்டும். பூவிலிருந்து காய் பறிக்க ஐந்தாறு மாதம் ஆகும். அதற்காக ஆவணி, புரட்டாசியில் தண்ணீரை நிறுத்திக் காயப் போடுகிறோம்; வாடிய மரம் மறுபடி தண்ணீர் கண்டதும் பூக்கும். எவ்வளவு நாள் என்று ஊரில் ஆளுக்கு ஒரு கணக்கு. நாள் கணக்கு வைக்காதீர்கள் என்பேன், ஏனென்றால் சரளில் இரண்டு வாரத்தில் வரும் வாட்டம் களியில் ஒரு மாதம் ஆனாலும் வராது.

இங்கே டென்சியோமீட்டர் கைகொடுக்காது, 80ஐத் தாண்டிப் போய்விடுவோம். கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டியதுதான். காலை ஆறு மணி இலைதான் துணை. விடியற்காலையிலும் இலை மடங்கியே இருக்கிறது, பழைய இலையில் கொஞ்சம் பழுத்து உதிரவும் செய்கிறது என்றால் போதும். அதற்கு மேல் மூன்று நான்கு நாளைக்கு மேல் இழுக்காதீர்கள். நுனிக் குச்சி காய ஆரம்பித்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். காய் நிறையத் தொங்கும் மரம், நோஞ்சான் மரம், மூன்று வயசுக்குட்பட்ட கன்று, இவற்றுக்குக் காயப் போடும் பேச்சே கூடாது.

திரும்பத் தண்ணீர் விடும்போதும் பதற்றம் வேண்டாம். முதல் நாள் பாதி அளவு, நாலைந்து நாள் கழித்து முக்கால், அப்புறம் முழு அளவு. மரத்தில் பழைய காய் இருக்கும்போது காய்ந்த வேருக்கு ஒரேயடியாகத் தண்ணீர் கொடுத்தால் தோல் தாங்காமல் காய் வெடிக்கும். ஐப்பசி மழை முந்திக்கொண்டு வந்துவிட்டால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, வெடித்ததைப் பொறுக்கி ஊறுகாய்க்குக் கொடுக்க வேண்டியதுதான்.

செத்துப்போன ஒன்பது குழியிலும் போன ஐப்பசியில், தண்ணீர் தேங்காமல் மேடு கட்டி, கன்று நட்டோம். குடை இப்போது ஒரு மீட்டர்தான். அதே கணக்குப்படி கன்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர், பக்கத்து மரத்துக்கு 40. கன்றின் வேர் ஒரு சாணுக்குள் சுருண்டிருப்பதால் இரண்டு நாள் இடைவெளியையும் தாங்காது. ஆகவே அந்த ஒன்பது இடத்திலும் டிரிப்பரைப் பிடுங்கி அடைப்பான் போட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு பழைய எண்ணெய் கேனில் அளந்து நானே ஊற்றுகிறேன். கேனில் இரண்டரை லிட்டருக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மாமனார் ஊற்றும் நாளில் மட்டும் அவர் கோட்டைப் பார்ப்பதில்லை, குனிந்து மண்ணைத் தொட்டுவிட்டு ஊற்றுகிறார்.